புது கேமிங் மானிட்டர் கைக்கு வந்துருச்சா? ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள இதெல்லாம் பாத்துருங்க

144, 165, 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குனவங்க ரிவ்யூ படிச்சீங்கன்னா ஒரே மாடலுக்கு ஒருத்தர் வேற லெவல்னு அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பாரு, அடுத்தவரு கலர் வெளுத்துக் கெடக்கு, ஓரமெல்லாம் வெளிச்சம் கசியுதுன்னு ஒரு ஸ்டார் போட்டிருப்பாரு. ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்லியிருப்பாங்க. பேனல், அதாவது படம் காட்டற ஸ்கிரீன் பாகம், பீஸுக்கு பீஸ் மாறும், செட்டிங் ஆளுக்கு ஆள் மாறும். அதனால உங்களுக்கு வந்த பீஸ்ல எது செட்டிங் கோளாறு, எது அந்த பேனல் வகையோட குணம், எது நெசமாவே டிஃபெக்ட்னு நீங்களேதான் பிரிச்சுப் பாக்கணும்.

பெட்டிய ஒடைக்கறதுலேர்ந்து ஸ்கிரீன் ஆன் ஆகற வரைக்கும் கட் பண்ணாம வீடியோ எடுத்துருங்க. ஸ்டாண்ட் மாட்டும்போது ஸ்கிரீன் மேல கை வச்சு அழுத்தாதீங்க.

ஆன் பண்ணதும் மொத வேலை ரெஃப்ரெஷ் ரேட், அதாவது ஸ்கிரீன் ஒரு செகண்டுக்கு எத்தன தடவ படத்த மாத்துதுங்கற கணக்கு, அதத்தான் ஹெர்ட்ஸ்னு சொல்றாங்க. புது மானிட்டர மாட்டுனா விண்டோஸ் நெறைய தடவ 60 ஹெர்ட்ஸ்லயே நின்னுடும், அது தெரியாமலே மாசக்கணக்கா ஓட்டுறவங்க இருக்காங்க. விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேன்னு போய் மாத்துங்க. அங்க 144 காட்டலன்னா கேபிள பாருங்க. பழைய லேப்டாப்ல இருக்கற ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டு 1080பில பெரும்பாலும் 120 வரைக்கும்தான் தாங்கும், டெஸ்க்டாப்னா டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்தான் நிம்மதி, அதையும் மதர்போர்டுல இல்ல, கிராஃபிக்ஸ் கார்டுல சொருகணும்.

கலர் வெளுத்த மாதிரி இருந்தா உடனே பேனல திட்டாதீங்க. ஹெச்டிஎம்ஐல போட்டா சில நேரம் கார்டு மானிட்டர டிவின்னு நெனச்சு, கருப்புலேர்ந்து வெள்ள வரைக்கும் உள்ள அளவ சுருக்கி லிமிடெட் ரேஞ்ச்ல அனுப்பும், கருப்பெல்லாம் சாம்பலா தெரியும். என்விடியா கண்ட்ரோல் பேனல்ல அவுட்புட் டைனமிக் ரேஞ்ச ஃபுல்னு மாத்துனா அப்பவே வித்தியாசம் தெரியும். இன்னொரு காரணம் ஹெச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்த அதிகமா காட்டற வசதி. டிஸ்ப்ளேஹெச்டிஆர் 400ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா 400 நிட்ஸ் பிரைட்னஸ் வரும்னு அர்த்தம், லோக்கல் டிம்மிங், அதாவது படத்துல இருட்டா இருக்கற எடத்துல மட்டும் பின்னாடி இருக்கற விளக்க கொறைக்கற வசதி, இருக்கணும்னு அதுல கட்டாயமே இல்ல. டிம்மிங் இல்லாத மானிட்டர்ல விண்டோஸ் ஹெச்டிஆர ஆஃப் பண்ணி வைக்கறதுதான் நல்லது, அந்த ஸ்டிக்கருக்காக கூடுதலா காசு குடுக்கவே வேணாம்.

அடுத்து கருப்பு, வெள்ள, சிவப்பு, பச்ச, நீலம்னு ஒவ்வொரு கலரா ஃபுல் ஸ்கிரீன்ல போட்டு கிட்ட போய் பாருங்க. புள்ளி தெரிஞ்சா மொதல்ல துணியால தொடச்சுருங்க, தூசியாவும் இருக்கலாம். ஐஎஸ்ஓ 9241-307ங்கற ஸ்டாண்டர்டுல கிளாஸ் 2 பேனலுக்கு 10 லட்சம் பிக்சலுக்கு ரெண்டு செத்த பிக்சல், ரெண்டு எப்பவும் எரியற பிக்சல் வரைக்கும் ஓகேன்னு வச்சிருக்காங்க. 1440பி ஸ்கிரீன்ல கிட்டத்தட்ட 37 லட்சம் பிக்சல், கணக்கு நீங்களே போட்டுக்கங்க. வாரண்டில கேட்டா ஒரு புள்ளிக்கெல்லாம் மாத்தித் தர மாட்டோம்னு சொல்ல எடமிருக்கு, அதனால கடையோட ரிட்டர்ன் டைம்லயே கேட்டுறணும்.

ராத்திரி லைட்ட அணைச்சுட்டு, ஸ்கிரீன் ஒரு அரை மணி நேரம் ஓடுனதுக்கப்புறம் முழுக் கருப்ப போட்டு நீங்க வழக்கமா வைக்கற பிரைட்னஸ்லயே பாருங்க. ஐபிஎஸ், விஏ, ஓலெட்னு பேனல்ல வகை இருக்கு, உங்களோடது ஐபிஎஸ்னா மூலைல ஒரு மங்கலான வெளிச்சம் தெரியும், தலைய நகத்துனா அதுவும் நகரும், கொறையும், அது ஐபிஎஸ் குளோ, வேற பீஸ் மாத்துனாலும் வரும். தலைய எங்க வச்சாலும் அதே எடத்துல மஞ்சளாவோ வெள்ளையாவோ திட்டா நின்னுச்சுன்னா அதுதான் பேக்லைட் பிளீட், பேனலுக்குப் பின்னாடி இருக்கற விளக்கு வெளிச்சம் கசியறது, அதுக்கு மாத்தக் கேக்கலாம். ஃபோன் கேமரா இத ரொம்ப ஊதிக் காட்டும், எக்ஸ்போஷர கொறச்சு கண்ணுக்குத் தெரியற அளவுக்கு கொண்டுவந்து ஃபோட்டோ எடுங்க.

இப்ப முக்கியமான விஷயம், மோஷன். 144 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃபிரேம் 6.9 மில்லிசெகண்ட்தான் நிக்கும், அதுக்குள்ள பிக்சல் கலர் மாறலன்னா பழைய படம் பின்னாடியே இழுபடும். பெட்டில போட்டிருக்கற 1 மில்லிசெகண்ட நம்பி முடிவெடுக்காதீங்க, அது பெரும்பாலும் ஓவர்டிரைவ, அதாவது பிக்சல வேகமா கலர் மாத்த வைக்கற செட்டிங்க, உச்சத்துல வச்சு எடுத்த நம்பரு, இல்லன்னா எம்பிஆர்டின்னு, நகர்ற படம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலா தெரியுதுங்கற வேற ஒரு அளவு. டெஸ்ட்யூஎஃப்ஓ சைட்ட தொறந்து ஓடற பறக்கும் தட்ட கண்ணால தொடர்ந்து பாத்துக்கிட்டே மானிட்டர் மெனுல ஓவர்டிரைவ ஒவ்வொண்ணா மாத்துங்க. ஆஃப்ல வச்சா தட்டுக்குப் பின்னாடி மங்கலா ஒரு வால் தெரியும். உச்சத்துல வச்சா அதே எடத்துல பளீர்னு வெளிறுன நெழல் வரும், ஓவர்ஷூட்டுன்னு சொல்றது இததான், என் கண்ணுக்கு இது அந்த வால விட மோசம். நடுவுல இருக்கற மோடுதான் பெரும்பாலும் சரியா இருக்கும். ஒண்ணு கவனிங்க, 144ல நல்லா இருக்கற மோடு, ஃபிரீசிங்க் (கேமோட ஃபிரேம் ரேட்டுக்கு ஏத்த மாதிரி ரெஃப்ரெஷ் ரேட்ட மாத்தற வசதி) போட்டு கேம் 60, 70 ஃபிரேமுக்கு எறங்கும்போது ஓவர்ஷூட் காட்டலாம், அதனால நீங்க ஆடற கேம்லயே ஒரு தடவ பாத்துருங்க.

விஏ பேனல் வாங்குனவங்க டார்க் மோடுல ஒரு பக்கத்த வேகமா ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க, எழுத்துக்குப் பின்னாடி கருப்பா மை இழுத்த மாதிரி வரும். கருப்புலேர்ந்து சாம்பலுக்கு மாற விஏ பிக்சல் நேரம் எடுக்கும், அதான் காரணம், டிஃபெக்ட் இல்ல. கான்ட்ராஸ்ட் ஐபிஎஸ்ல சுமார் 1000க்கு 1, விஏல 3000க்கு மேல கெடைக்கும், இருட்டு சீன் உள்ள கதை கேம் ஆடறவங்களுக்கு அது பெரிய லாபம். ஷூட்டர் மட்டும் ஆடறவங்க ஐபிஎஸ்ஸே வாங்கிருங்க. விஏ, ஓலெட் ரெண்டுலயும் ஃபிரீசிங்க் ஆன்ல இருக்கும்போது லோடிங் ஸ்கிரீன்ல வெளிச்சம் படபடன்னு துடிக்கலாம், ஃபிரேம் ரேட்ட ஒரே அளவுல லாக் பண்ணுனா பெரும்பாலும் அடங்கும்.

மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டா ரிட்டர்ன் காரணத்துல குவாலிட்டி சரியில்லன்னு மொட்டையா எழுதாதீங்க, வலது கீழ் மூலைல பேக்லைட் பிளீட், நடுவுல ஒரு செத்த பிக்சல்னு எடத்தோட எழுதி ஃபோட்டோவ சேத்து அனுப்புங்க, எடுக்க வர்றவரு கேபிள், அடாப்டர் எல்லாம் சரிபாப்பாரு, அதனால பெட்டியும் தெர்மாகோலும் அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்.