சவர நுரை பிழையாகும் இடங்கள்: கிணற்றுத் தண்ணீரில் தொடங்கி

கொழும்பில் களனி ஆற்றுத் தண்ணீரில் கட்டித்தயிர் மாதிரி எழும்பிய சவரச் சவர்க்காரம், யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் ஒரு நிமிடத்துக்குள் சளசளத்துப் போனால் பழி முதலில் சவர்க்காரத்தின் மேல் விழும், அடுத்ததாகப் பிறஸின் மேல். கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடித்திருப்பதைத் தினமும் பார்க்கிறவர்கள்கூடத் தண்ணீரைச் சந்தேகிப்பதில்லை.

எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. அதில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தின் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் தூளாகின்றன. இந்த இரண்டும் கூடிய தண்ணீரைத்தான் வன்னீர் என்கிறோம், அவற்றின் அளவுதான் வன்மை. லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மையுள்ள தண்ணீர் 50 மி.லீ. எடுத்தால், அது கிட்டத்தட்ட 0.09 கிராம் சவர்க்காரத்தை விழுங்கிவிடும். ஒரு சவரத்துக்குப் போவதே ஒரு கிராம் அளவுதான். அந்த இழப்பை இன்னும் கொஞ்சம் தேய்த்து ஈடுகட்டலாம். பெரிய தொல்லை அந்தத் தூள். நுரைக் குமிழிகளை உடைப்பதும், பிறஸ் மயிரின் அடியில் போய் ஒட்டிக்கொள்வதும் அதுதான்.

உங்கள் தண்ணீர் எப்படியென்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரே அளவான இரண்டு வெறும் போத்தல்களில், ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் மழைத் தண்ணீரும் பாதியளவு விடுங்கள். இரண்டிலும் கடலைப்பருப்பளவு சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு இருபது தரம் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை நிற்கும். வன்னீரில் நுரை குறைந்து, திரைந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும்.

அடுத்த தவறு, வன்மை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று நினைப்பது. உள்ளூர் நன்னீர்க் கிணறு என்றால் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்தது கலங்காமல் தெளிவை ஊற்றி எடுத்தாலே பெரும்பகுதி போய்விடும். தீவகத்திலும் கரையோரத்திலும் கிணறு உவராக இருந்தால் கொதிக்கவைத்துப் பயனில்லை. உப்பு போகாது, உப்பு இருந்தால் நுரையும் எழும்பாது. அங்கே மழைத் தண்ணீர் அல்லது வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி. ஒரு சவரத்துக்கு முகம் நனைக்க, பிறஸ் ஊறவைக்க, நுரை கட்ட, கடைசியில் கழுவ என்று எல்லாமாக அரை லீற்றர் போதும். 2024 இல் திறந்த தாளையடி நிலையத்திலிருந்து கடல்நீரைச் சுத்திகரித்த குழாய்நீர் வருகிற வீடுகளும் இப்போது உண்டு. அங்கேயும் போத்தலைக் குலுக்கிப் பார்த்தே முடிவெடுங்கள்.

தேசிக்காய்ப் புளி விட்டால் தண்ணீரின் வன்மை குறையும் என்று சிலர் சொல்வார்கள். விடாதீர்கள். அமிலம் சவர்க்காரத்தைப் பிரித்துக் கொழுப்பமிலமாகவே ஆக்கிவிடும். சீனாக்காரமும் அப்படித்தான். சவரம் முடிந்தபின் முகத்தில் தடவலாம், ஆனால் சீனாக்காரம் கழுவிய தண்ணீரில் பிறஸை நனைத்தால் அடுத்த நாள் நுரைக்கு அதுவே எமன்.

நுரை கட்டுவதில் ஆகப் பெரிய தவறு, தொடக்கத்திலேயே தண்ணீரைக் கூட்டுவது. செயற்கை மயிர்ப் பிறஸ் என்றால் நனைத்தால் போதும், ஊறவைக்கத் தேவையில்லை. பன்றிமயிர்ப் பிறஸ் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம். கொதிநீர் வேண்டாம், மயிரைப் பிடித்திருக்கும் பசை விட்டுப்போகும். பிறகு சொட்டாத அளவுக்கு உதறி, சவர்க்காரத்தின் மேல் அழுத்தாமல் 30 விநாடி சுழற்றுங்கள். மயிர் நுனியில் பசை மாதிரி கனமாக ஒட்ட வேண்டும். குமிழி வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. கிணற்றுத் தண்ணீர்தான் கதியென்றால் இன்னும் 15 விநாடி கூட்டுங்கள்.

பசை ஏறிய பிறஸைக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். அங்கே தண்ணீரைத் தேக்கரண்டியால் ஊற்றாமல், மருந்துக்கடையில் வாங்கும் 5 மி.லீ. சிரிஞ்சால் ஒவ்வொரு மி.லீ. ஆக விட்டு, ஒவ்வொரு தரமும் 15 விநாடி கலக்குங்கள். முதலில் வெள்ளையாக, மினுக்கமில்லாமல், அடித்த முட்டை வெண்கரு போல் கூர் நிற்கும். பார்வைக்கு இதுதான் அழகு, அதனாலேயே பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இது இன்னும் காய்ந்த நுரை. றேசர் வழுக்காமல் இழுபடும். இன்னும் இரண்டு மூன்று மி.லீ. போனதும் மேற்பரப்பு மினுங்கி, கூர் சாய்ந்து, அப்பமா மாதிரி மெல்ல வழியும். நிறுத்த வேண்டிய இடம் அதுதான். விரல்களுக்கிடையில் தேய்த்தால் குமிழி தெரியக்கூடாது. இன்னும் விட்டால் பெரிய குமிழிகள் வரும். அப்போது தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் பிறஸைத் திரும்பச் சவர்க்காரத்தில் பத்து விநாடி சுழற்றுங்கள்.

சவரத்துக்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில், காற்றுக்கு நேரே நின்றால் இரண்டாம் கன்னத்துக்குப் போகுமுன் முதல் கன்னத்து நுரை காய்ந்துவிடும். அதைச் சவர்க்காரத்தின் குறையென்று குறித்துவைப்பது அநியாயம்.

இனி இரண்டு சவர்க்காரங்களை ஒப்பிடுவது. கையால் செய்த சவர்க்காரம் விலை கூடியது, வாங்கியவருக்கு ஒரு முடிவு சொல்லியே ஆகவேண்டும். ஆனால் வாசனையும் நுரையின் உயரமும் சவரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தேங்காயெண்ணெய் கூடிய சவர்க்காரம் சட்டென்று உயரமாக நுரைக்கும், ஆனால் குமிழி பெரிது, விரைவில் இறங்கும், தோலையும் வறளவைக்கும். ஸ்டியரிக் அமிலம் (கெட்டியான ஒரு கொழுப்பமிலம்) கூடியது மெதுவாகக் கட்டும், தண்ணீரை நிறையக் குடிக்கும், நின்று பிடிக்கும். முன்னதுக்கு விட்ட 6 மி.லீ. தண்ணீரைப் பின்னதுக்கும் விட்டு ‘இது வழுக்கவில்லை’ என்று சொல்வது பிழையான தீர்ப்பு. ஒவ்வொன்றையும் அதற்குரிய மினுக்கம் வரும்வரை நனைத்து, எத்தனை மி.லீ. போனது என்று எழுதுங்கள். ஒப்பிடும்போது சமமாக இருக்க வேண்டியது எடை. நகைத் தராசில் ஒவ்வொன்றிலும் 1 கிராம் நிறுத்து, கிண்ணத்தின் அடியில் அப்பிவிடுங்கள்.

இரண்டையும் ஒரே முகத்தில் பாதிபாதியாகப் பார்க்கலாம். அடுத்த முறை பக்கத்தை மாற்றுங்கள், ஏனென்றால் வலக்கைக்காரருக்கு இரண்டு கன்னமும் ஒரே வாகாக வராது. பிளேட்டும் அதே பிளேட், அதே நாளினது. முதல் சவரப் பிளேட்டையும் நாலாம் சவரப் பிளேட்டையும் வைத்துச் சவர்க்காரங்களை ஒப்பிட்டவர்கள் ஒப்பிட்டது பிளேட்டைத்தான். ஒரு சவர்க்காரத்திலிருந்து மற்றதுக்கு மாறும்போது பிறஸை மழைத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கவனிக்க வேண்டியது மூன்று: நுரை வழித்த இடத்தில் ஈரவிரல் வழுக்குகிறதா, ஐந்து நிமிடம் கழித்துக் கிண்ணத்து நுரை எப்படி நிற்கிறது, அரை மணித்தியாலம் கழித்துத் தோல் இறுகுகிறதா. கடைசியாகக் கழுவிய தண்ணீர் வன்னீர் என்றால் மூன்றாவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அந்த இறுக்கத்தில் தண்ணீருக்கும் பங்குண்டு.

சைவ உணவுக்காரர் பலர் கவனிக்காதது ஒன்றுண்டு. சவர்க்காரத்தின் சேர்மானப் பட்டியலில் ‘டாலோவேட்’ என்றிருந்தால் அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டினது. துருக்கியின் ஆர்கோ சவர்க்காரக் குச்சியில் இருக்கிறது. ஸ்டியரிக் அமிலம் தாவரத்திலிருந்தும் வரும், விலங்கிலிருந்தும் வரும். ‘வெஜிடபிள்’ என்று எழுதாத இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

முடிந்ததும் டின்னை உடனே மூடாதீர்கள். மாரிகாலப் புழுக்கத்தில் ஈரத்தோடு மூடிய டின்னில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு நாள் திறந்து காயவிட்டு மூடுங்கள்.