பெற் போத்தலிலிருந்து திரவப் பளிங்குப் பொலியெஸ்தர்

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்குத் திரவப் பளிங்குப் பொலியெஸ்தரை, அதாவது உருகி ஓடும்போதும் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் பிளாஸ்திக்கை, தலைப்பாக எடுக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பியூம் கபேட் (புகையை வெளியே இழுக்கும் அலுமாரி), நைதரசன் சிலிண்டர், வெற்றிடப் பம்பி மூன்றும் இல்லாத இடத்தில் இதைத் தொடவேண்டாம்.

வழி புதிதல்ல. 1976இல் ஜக்சனும் குபசும் வெளியிட்டது: பெற் (PET) என்ற போத்தல் பொலியெஸ்தரைப் பரா-அசற்றொட்சிபென்சோயிக்கமிலத்தோடு உருக்கினால், அமிலம் பெற் சங்கிலியை வெட்டி உள்ளே புகுந்துகொள்ளும். வளையும் சங்கிலிக்குள் விறைப்பான துண்டுகள் கூடக்கூட, உருகலிலேயே அவை ஒரே திசையில் அடுக்கப்படும். அமிலப் பங்கு 30 மூல் சதவீதத்துக்குக் கீழ் என்றால் அது நடக்காது. 60இல் தொடங்குங்கள்: பெற் 19.2 கிராம், அமிலம் 27.0 கிராம்.

கல்லடிக் கடற்கரையில் பொறுக்கிய போத்தலும் ஆகும். மூடியையும் லேபலையும் கழற்றி, கழுவி, சிறிதாக வெட்டுங்கள். பிறகு 120 பாகையில், வெற்றிடத்தில், ஓர் இரவு முழுக்க உலர்த்துங்கள். கச்சான் வீசும் மாதங்களில் இதைக் குறைத்தாலும் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு, நான் விடமாட்டேன். மாரியில் சொல்லவே தேவையில்லை. ஈரம் இருந்தால் அமிலத்திலுள்ள அசற்றொட்சிக் கூட்டம் நீரால் உடையும், சங்கிலி நீளாது.

இரண்டையும் அரைத்துக் கலந்து குடுவையில் இடுங்கள். நைதரசனை ஓடவிட்டு, 275 பாகைக்கு மெல்ல ஏற்றுங்கள். சாதாரண எண்ணெய்த் தொட்டி அந்தச் சூட்டில் புகையும்; மணல் தொட்டி நல்லது. காந்தக் கிளறி பசைத்தன்மையில் நின்றுவிடும், மோட்டர் கிளறியே வேண்டும். அமிலம் சங்கிலியில் சேரும்போது வெளியேறி, ஒடுக்கியிலிருந்து இறங்கும் அசற்றிக்கமிலத்தை அளவுசாடியில் பிடியுங்கள். முழுதும் வந்தால் 9 கிராம், ஏறத்தாழ 8.6 மில்லிலீற்றர். சொட்டு நிற்கும்வரை வெற்றிடம் போடாதீர்கள். பிறகு படிப்படியாக அமுக்கத்தைக் குறைத்து, சில மணித்தியாலம் கிளறுங்கள். பம்பிக்கு முன்னால் ஆவியைக் குளிர்த்திப் பிடிக்கும் குளிர்பொறி கட்டாயம், இல்லாவிட்டால் பம்பி எண்ணெய் கெட்டுவிடும்.

உருகல் கலங்கி, கிளறும்போது முத்துப்போல் மினுங்கும். அதை மட்டும் வைத்துத் திரவப் பளிங்கு என்று எழுதிவிடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நுணுக்குக்காட்டியில், குறுக்கு முனைவாக்கிகளுக்கிடையில் (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு முனைவாக்கும் தட்டுகள்), சாதாரணத் திண்மப் பளிங்கும் ஒளிரும். ஆகவே ஒரு துணுக்கைக் கவர் ஸ்லிப்பின் கீழ் வைத்து, சூட்டு மேடையில் 270 பாகைவரை கொண்டுபோங்கள். பக்கத்தில் இன்னொரு தட்டில் வெறும் பெற்றையும் அப்படியே சூடாக்குங்கள். அது உருகியதும் புலம் இருண்டுவிடும். உங்கள் மாதிரி அதே சூட்டில் ஒளிர்ந்தபடியே இருக்க வேண்டும். இப்போது ஊசிமுனையால் கவர் ஸ்லிப்பை மெதுவாக அழுத்துங்கள். ஒளிர்வது வழுக்கி ஓடி, நிறங்கள் இழுபட்டு மாறினால்தான் அது திரவப் பளிங்கு. ஓடாமல் ஒளிர்ந்தால் உருகாத திண்மம்.

டி.எஸ்.சி (DSC, சூடாக்கும்போது மாதிரி உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கருவி) வளைகோட்டையும் எடுங்கள். ஆனால் இந்த விகிதத்தில் உச்சங்கள் மங்கலாகவே வரும், ஒளிர்வு மறைந்து தெளியும் வெப்பநிலைக்கு முன்பே பொருள் சிதையத் தொடங்கும். அதனால் என் முதல் சாட்சி நுணுக்குக்காட்டிதான். கண்ணாடிக் கோலால் உருகலிலிருந்து ஒரு நூல் இழுத்து ஒடித்தும் பாருங்கள்: முறிவு தென்னம்பாளை கிழிந்ததுபோல் நார்நாராக இருக்கும்.

கடைசியாக, பீனோல்–தெத்திராகுளோரோஈதேன் கலவையில் கையுறையோடு கரைத்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் கரையாமல் நின்றால், அசற்றொட்சிபென்சோயிக்கமிலம் பெற்றுக்குள் புகாமல் தன்னோடு தானே சேர்ந்து தனிச் சங்கிலியாகிவிட்டது. அடுத்த தடவை இன்னும் நுண்ணிதாக அரைத்து, கிளறலைக் கூட்டுங்கள்.