கண்ணில் படாத ஓங்கிலும் கையில் இருக்கும் பெர்மிட்டும்

"இருபது வருஷமா பெர்ரியில போய் வர்றேன், ஒரு ஓங்கிலைக்கூடப் பார்த்ததில்லையே!" பட்டர்வொர்த் பக்கம் இப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். துறைமுகம் கட்டும்போது கடலடியில் பைல் (அடித்தளத் தூண்) இறக்கும் சத்தம் ஓங்கில்களுக்கு (டால்பின்களுக்கு) தொல்லை. அதைத் தவிர்ப்பதில் முதல் தவறு இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

பினாங்குக் கடலில் கூன்முதுகு ஓங்கில், ஐராவதி ஓங்கில், துடுப்பில்லாக் கடற்பன்றி மூன்றும் பதிவாகியுள்ளன. கடைசியாகச் சொன்னதற்கு முதுகுத் துடுப்பே கிடையாது; கலங்கிய நீரில் மூச்சுவிட மேலே வந்தாலும் சிற்றலை போலத்தான் தெரியும். அது எழுப்பும் ஒலியோ 100 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே. நம் காது 20-லேயே நின்றுவிடும். படகில் நான்கு நாள் சுற்றிவிட்டு 'இல்லை' என்று அறிக்கை எழுதினால் எப்படி? அந்த அலைவரிசையைப் பதிவு செய்யும் கருவியை நீருக்கடியில் மாதக்கணக்கில் வைத்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது, ஒப்புதல் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம். மலேசியாவில் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கு ஒப்புதல் பெற வேண்டும். பினாங்குத் தென்கரைக் கடல் தூர்ப்புத் திட்டத்துக்கு 2019-இல் கிடைத்த ஒப்புதல், மீனவர்களின் மேல்முறையீட்டால் 2021-இல் ரத்தானது. 2023-இல் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி, தற்செயலாகத் தொல்லை நேர்வதற்கே தனி அனுமதி வேண்டும். அதன் ஒரு வகை அதிகபட்சம் ஓராண்டுதான் செல்லும். பணி இழுத்தால் மறுபடி விண்ணப்பம். இதைக் கால அட்டவணையில் சேர்க்க மறந்துவிட்டு, பிறகு கையைப் பிசைவார்கள்.

டெசிபல் கணக்கில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். காற்றில் அளவிட 20 மைக்ரோபாஸ்கல் (அழுத்த அலகு) அடிப்படை, நீரில் 1. ஆகவே தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் ஒலிபெருக்கியின் எண்ணையும் கடலடி எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாது. இன்னொன்று: சுத்தியலால் பைல் அடித்தால்தான் ஆபத்து, அதிர்வு இயந்திரத்தால் இறக்கினால் பரவாயில்லை என்கிறார்கள். அமெரிக்க விதிமுறையில் விலங்கின் நடத்தையைக் குலைக்கும் வரம்பு, விட்டுவிட்டு வரும் அடிக்கு 160 டெசிபல். இடைவிடாத அதிர்வுக்கு 120. வரம்பு தாழ்ந்திருப்பதால், 'மென்மையான' இயந்திரத்துக்குக் கண்காணிக்க வேண்டிய பரப்பு பல கிலோமீட்டர் வரைகூட நீளும்.

விலங்கு அருகில் வருகிறதா என்று பார்க்கும் கண்காணிப்பாளர் விஷயத்துக்கு வருவோம். பாதுகாப்பு அதிகாரி கையில் ஒரு பைனாகுலரைக் கொடுத்து 'அதையும் பார்த்துக்குங்க' என்பது கண்துடைப்பு. அவருக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. அவர் 'நிறுத்து' என்றால் போர்மேனிடம் கேட்காமலே இயந்திரம் நிற்க வேண்டும். இருட்டிலும் அடைமழையிலும் அவருக்கு ஒன்றும் தெரியாது, அப்போது புதிய பைலைத் தொடங்குவதே தவறு. பைலைச் சுற்றிக் காற்றுக் குமிழிகளால் குமிழித் திரை போட்டிருக்கிறோமே என்பார்கள். அது ஒலியைக் குறைக்கும், அவ்வளவுதான். நீரோட்டம் வலுத்தால் குமிழிகளும் ஒதுங்கிப்போகும்.

மெதுவான தொடக்கம் காலையில் ஒருமுறை செய்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. குறைந்த விசையில் சுத்தியலால் மூன்று அடி, 30 வினாடி இடைவெளி, அதையே இன்னும் இருமுறை: விலங்கு விலகிப்போக இந்த அவகாசம். வேலை 30 நிமிடம் நின்றிருந்தால், அது தே தாரேக் குடிக்கப் போன இடைவெளியாகவே இருந்தாலும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.