மூன்று பிளவுச் சோதனை: பூஜ்யம் வரவில்லையா? கொஞ்சம் பொறுங்கள்

இரட்டைப் பிளவுச் சோதனை பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்றாவது பிளவையும் திறந்தால் திரையில் வரிகள் இன்னும் சிக்கலாகும். அதைப் பார்த்து ‘மூன்றும் சேர்ந்து புதிதாக ஏதோ செய்கின்றன’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒவ்வொரு வழிக்கும் உரிய அலையின் வீச்சுகளைக் கூட்டி வர்க்கம் எடுத்தால், ஒளித்துகள் (ஃபோட்டான்) அங்கே பதிவாகும் நிகழ்தகவு கிடைக்கும் என்பது இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் 1926இல் சொன்ன விதி. மூன்று வீச்சுகளைக் கூட்டி வர்க்கம் எடுத்துப் பாருங்கள்: பெருக்கல்கள் இரண்டிரண்டாகத்தான் வரும், மூன்றும் சேர்ந்த உறுப்பு வராது. அப்படி ஒன்று இயற்கையில் இருக்கிறதா என்று சோதிக்கும் கணக்கை 1994இல் தந்தவர் இயற்பியலாளர் ரஃபேல் சார்கின்.

கணக்கு எளிது. மூன்றும் திறந்திருக்கும்போது திரையின் ஓரிடத்தில் பதிவாகும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையிலிருந்து, இரண்டிரண்டாகத் திறந்து எடுத்த மூன்றையும் கழித்து, தனித்தனியாக எடுத்த மூன்றையும் கூட்ட வேண்டும். நடுப்புள்ளியில் ஒரு பிளவுக்கு 1 என்றால் இரண்டுக்கு 4, மூன்றுக்கு 9. ஆக 9 − 12 + 3 = 0. இந்த ஏழு அளவீடுகளோடு நிறுத்திவிடாதீர்கள். பின்னணி வெளிச்சம் எல்லா அளவீட்டிலும் கலந்திருக்கும். கூட்டிக் கழித்தபின் அதில் ஒரு பங்கு மிஞ்சும். எல்லாப் பிளவுகளையும் மூடிவிட்டு எட்டாவதாக ஒன்று எடுத்து அதையும் கழிக்க வேண்டும்.

பெரிய பள்ளம் டிடெக்டர்தான். ஒரு ஃபோட்டானைப் பதிவு செய்ததும் அது சற்று நேரம் குருடாகிவிடும். அந்த நேரம் 50 நானோநொடி என்றும், ஒரு பிளவு வழியே நொடிக்கு 1 லட்சம் ஃபோட்டான்கள் வருகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பிளவில் இழப்பு அரை சதவீதம்தான். மூன்றும் திறந்தால் 9 லட்சத்தில் 4 சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். இனி அந்த 9 − 12 + 3 பூஜ்யமாகாது. நொடிக்குச் சுமார் 17,000 குறையும். சாதாரண இரண்டு-வழிக் குறுக்கீட்டோடு (இரண்டிரண்டு பிளவுகளின் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் வரும் மாற்றத்தோடு) ஒப்பிட்டால் அது கிட்டத்தட்ட 3 சதவீதம். உர்பசி சின்ஹா, கிரிகோர் வைஸ் உள்ளிட்டோர் கனடாவின் வாட்டர்லூவில் செய்து 2010இல் வெளியிட்ட சோதனை, மூன்று-வழிக் குறுக்கீடு அந்த அளவில் 1 சதவீதத்துக்கும் கீழ்தான் என்று காட்டியது. அப்படியானால் நம் டிடெக்டரின் சோம்பல் மட்டுமே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது!

ஒவ்வொரு அளவீட்டுக்கும் பிளவுத் தகட்டையே மாற்றுவதும் வேண்டாம். பிளவுகள் துல்லியமாக ஒன்றுபோல் இருக்காது. தகட்டை அசைக்காமல், வேண்டாத பிளவை மறைப்பான் கொண்டு மூடுங்கள். அப்புறம் லேசரின் சக்தி மெல்ல ஏறி இறங்கும் என்பதால், எட்டையும் ஒரே வரிசையில் எடுக்காமல் கலைத்துப் போட்டுத் திரும்பத் திரும்ப எடுங்கள்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் துல்லியமான பூஜ்யத்தை எதிர்பார்ப்பது இன்னொரு தவறு. எனக்குப் பிடித்த தவறும் இதுதான், ஏனென்றால் பாடப்புத்தகக் கணக்கே இங்கே தோராயம். மூன்று பிளவும் திறந்திருக்கும்போது உள்ள அலை, தனித்தனி அலைகளின் கச்சிதமான கூட்டல் அல்ல. ஒரு பிளவுக்குள் போய் இன்னொன்றின் வழியே வளைந்து வரும் பாதைகளும் உண்டு. அந்த விலகல் எவ்வளவு என்று 2014இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சின்ஹாவும் சகாக்களும் கணக்கிட்டார்கள். ஒளிக்கு அது மிகச் சிறியது, அலைநீளம் கூடினால் பெரிதாகும். அதனால்தான் மைக்ரோவேவுக்குப் போய், 2018இல் அதை அளந்தும் காட்டினார்கள். பூஜ்யம் வரவில்லை, போர்ன் விதியும் அப்படியேதான் இருக்கிறது.