அபர்டவி ஜெட்டியில் நண்டு பிடிப்பது எப்படி

அபர்டவி வேல்ஸின் மேற்குக் கடலோரத்து ஊர். ஜெட்டி என்று நான் சொல்வது அங்கே தண்ணீருக்குள் நீளும் மரப் படகுத்துறையை. முதலில் ரயில் பெட்டியைச் சரியாகப் பார்த்து ஏறுங்கள். பர்மிங்காமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாக மேற்கே போகும் ரயில் மகன்லெத் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கு, மற்றது கடலோரமாக வடக்கே புல்ஹெலிக்கு. அபர்டவிக்குப் புல்ஹெலிப் பாதியில் இருக்க வேண்டும். 1991 ஆகஸ்டில் அப்பா, அம்மா, தம்பி, நான் நான்கு பேரும் மற்றப் பாதியில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே, கழிமுகத்துக்கு அந்தப் பக்கத்தில், அபர்டவியின் வீட்டு வரிசை அழகாகத் தெரிந்தது. நாங்கள் இந்தப் பக்கம். நடுவில் பாலம் கிடையாது. வந்த வழியே திரும்பிப் போய் வண்டி மாறி, ஊர் சேர்ந்தபோது கடல் வற்றிவிட்டது. அன்றைக்கு நண்டு இல்லை.

ஊர்ப் பெயரையும் சொல்லிவிடுகிறேன். வேல்ஸ் மொழியில் 'அபர்' என்றால் ஆறு கடலில் சேரும் இடம். டவி ஆற்றின் கழிமுகம், அவ்வளவுதான். எழுத்தைப் பார்த்து 'டைஃபி' என்று வாசித்துவிடாதீர்கள். அந்த மொழியில் ஒற்றை எஃப் எழுத்துக்கு 'வ' ஓசை.

சரி, நேரம். கடல் ஏறும்போதுதான் நண்டு நடமாடும். ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஜெட்டியில் இடம் பிடித்துவிடுங்கள். உச்சம் தாண்டி ஒரு மணி வரை கிடைக்கும். அதற்குப் பிறகு இரை நனைவதுதான் மிச்சம். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு உச்சம் என்றால் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு இருபது வாக்கில் வரும். வாரத்துக்கான சாப்பாட்டு நேரத்தை நாங்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். அப்பா ஏற்ற அட்டவணையை, நாங்கள் தங்கும் சக்கர வீடான கேரவனின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பார்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். பிளாஸ்டிக் சட்டத்தில் சுற்றிய நண்டுக் கயிறு கடற்கரைக் கடைகளில் தொங்கும். அதில் தூண்டில் முள் இருந்தால் முதல் வேலையாக அதை வெட்டி எறியுங்கள். நண்டுக்கு முள் தேவையே இல்லை, பிள்ளைகளின் விரலுக்கும் அது நல்லதல்ல. முள்ளுக்குப் பதிலாக ஒரு சின்ன வலைப் பை. துணி சோப்பு வில்லைகளைப் போட்டு மெஷினில் வைக்கிற பை கச்சிதம். அதற்குள் இரையும், அடியில் போய் உட்கார ஒரு கல்லும். இரைக்கு பேக்கன் என்கிற உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுதான். யாழ்ப்பாணத்துக் கடலேரியில் நண்டு பிடித்து வளர்ந்த அப்பா மீன் தலைதான் சரி என்று மூன்று வருடம் வாதாடினார். மீன் தலையும் வேலை செய்யும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கார் முழுக்க நாறும். பேக்கன் கொழுப்பு நீரில் கரையாமல், பிய்ந்து போகாமல் மதியம் வரை தாங்கும்.

கயிற்றை ஜெட்டியின் மரத் தூண்களுக்குப் பக்கத்தில் இறக்குங்கள். நடுவெளியில் அல்ல. பாசி பிடித்த தூண்களின் அடியில்தான் அதுகள் பதுங்கியிருக்கும். கல் தரையைத் தொட்டதும் கயிறு தொய்யும், அப்போது கொஞ்சம் இழுத்து இறுக்கிப் பிடித்து அசையாமல் இருங்கள். ஒரு ஐந்து நிமிடம். பிள்ளைகளுக்கு இது ஒரு யுகம். தம்பி அரை நிமிடத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்ப்பான், அதனால் அவன் வாளி எப்போதும் காலி.

இழுப்பதுதான் முழு வித்தையும். முள்ளில் மாட்டிய மீன் மாதிரி இல்லை இது. நண்டு வெறும் பேராசையால் தொங்கிக்கொண்டிருக்கிறது, எந்தக் கணமும் கையை விட்டுவிடலாம். ஆகவே வெட்டி இழுக்காமல், நிறுத்தி நிறுத்தியும் இழுக்காமல், கிணற்றிலிருந்து தளும்பும் வாளியை எடுப்பதுபோல் ஒரே சீராக இழுங்கள். நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே அது தெரிய ஆரம்பிக்கும். எல்லாரும் கத்துவதும் அங்கேதான், அது விழுவதும் அங்கேதான். உடம்பு தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பிடியைத் தளர்த்திவிடும். நீளக் கைப்பிடி வலையோடு ஒருவர் படிக்கட்டில் நின்றால் பாதிக்குப் பாதி தப்பாது. எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுக்கு. சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு, மேலே மழைக்கோட்டுடன்.

நண்டைப் பின்பக்கமாக அணுகுங்கள். கட்டைவிரல் வயிற்றில், ஆள்காட்டி விரல் ஓட்டின் மேல். கொடுக்கு அவ்வளவு தூரம் பின்னால் எட்டாது. அப்படியும் கடித்துவிட்டால் உதறாதீர்கள். கையை வாளித் தண்ணீருக்குள் விடுங்கள், அதுவாகவே விட்டுவிடும். இதை நான் தெரிந்துகொண்டது உதறிய பிறகு.

வாளியில் கடல் தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடாது. கொஞ்சம் கடற்பாசியும் இரண்டு கல்லும் போட்டு நிழலில் வையுங்கள். ஒரு வாளிக்குப் பத்து நண்டுக்கு மேல் வேண்டாம். கூட்டம் கூடினால் சண்டை பிடித்து ஒன்றின் காலை ஒன்று பிய்த்துவிடும், தண்ணீரில் பிராணவாயுவும் தீர்ந்துபோகும். அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்றுங்கள். சண்டைக்காரனைத் தனி வாளியில் போடுங்கள்.

கவிழ்த்துப் பார்த்தால் வயிற்றில் ஒரு மடிப்பு தெரியும். குறுகிய முக்கோணம் என்றால் ஆண், அகலமாக வளைந்திருந்தால் பெண். அதன் கீழே ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாக இருந்தால் சினை நண்டு, உடனே விட்டுவிடுங்கள். இவை எல்லாமே பச்சைக் கரை நண்டுகள். பெரியதே உள்ளங்கை அளவுதான். முதல் நாள் அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்து, "உந்தச் சின்னனுகளில என்ன கறி வைக்கிறது?" என்று கேட்டார். இதெல்லாம் திரும்பக் கடலில் விடத்தான் என்று அப்பா விளக்கியபோது அம்மா அவரைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏழு மணி நேரம் பயணம் செய்து, பிடித்து, விடுவதற்கா?

காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு கதை கைவசம் இருக்கட்டும். இந்த வளைகுடாவுக்குள் கான்ட்ரெர் குவைலோட் என்றொரு நாடு மூழ்கிக் கிடக்கிறது என்பார்கள். மதகுக் கதவைக் காவல் காத்த செய்த்தெனின் ஒரு நாள் குடித்துவிட்டுக் கதவை மூட மறந்தான், கடல் உள்ளே வந்துவிட்டது. அமைதியான நாளில் அதன் கோயில் மணிகள் கேட்குமாம். அப்பா இதைக் கேட்டதும், "கபாடபுரமும் கடலுக்குள்ளதான் போனது. கபாடம் என்றாலே கதவுதானே" என்று குதூகலமாகிவிட்டார். எதிர்க்கரையில் போர்த் கடற்கரையில் நீர் வற்றும்போது நாலாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய மரக்கட்டைகள் மணலில் தலைகாட்டும், அதனால் கதையை முழுக்கத் தள்ளவும் மனம் வராது. 2011-இல் ஜெட்டிக்கு அடியில் நிஜமாகவே ஒரு வெண்கல மணியைத் தொங்கவிட்டார்கள். ஏற்றத்தின் உச்சத்தில் அலை அதன் நாவை அசைக்கும். நான் என் மகளைக் கூட்டிப் போனபோது கேட்டோம். ஒழுங்கான தாளம் இல்லை, யாரோ அரைத் தூக்கத்தில் அடிப்பது போலிருந்தது.

ஒரு எச்சரிக்கை: டவியின் நீரோட்டம் பலமானது. சின்னப் பிள்ளைக்கு மிதவைச் சட்டை போட்டு, பக்கத்திலேயே இருங்கள். ஜெட்டியிலிருந்து குதிக்கிறேன் என்று பெரிய பிள்ளைகள் கிளம்பினால் விடாதீர்கள்.

விடும்போது மேலே இருந்து கொட்டாதீர்கள். கீழே மணலுக்கு இறங்கி, நீரோரத்தில் வாளியை மெல்லச் சாயுங்கள். எல்லாம் பக்கவாட்டில் ஓடும். ஒன்றிரண்டு திரும்பி நின்று கொடுக்கைக் காட்டிவிட்டுப் போகும்.

கடற்பாசியை நன்றாக உதறிப் பாருங்கள். 1993-இல் நாங்கள் உதறவில்லை. இரவு எட்டு மணிக்கு கேரவன் படியில் ஒரு குட்டி நண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல மழை. அப்பா ஒன்றும் பேசாமல் ஒரு தேநீர்க் கோப்பையில் உப்புத் தண்ணீரோடு அதை எடுத்துக்கொண்டு, டார்ச் அடித்தபடி ஜெட்டி வரை ஒரு மைல் நடந்தார். தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். அம்மா அவருக்குத் துவாய் கொடுத்தார். கோப்பையை மட்டும் உள்ளே எடுக்கவே இல்லை.