எஸ்பெராண்டோவில் கேள்வி கேட்க ஒரு 'ச்சூ'

காசிமேட்டில் மீன் வாங்கி வந்தால், ராயபுரத்தில் எங்கள் திண்ணைக்கு முதலில் வருவது தெருப் பூனைதான். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் எஸ்பெராண்டோ பாடமும் பூனையில்தான் தொடங்கும். 1887இல் ஜாமென்ஹோஃப் என்பவர் தானே உருவாக்கி வெளியிட்ட செயற்கை மொழி இது.

'லா காட்டோ மான்ஜாஸ் ஃபிஷோன்': பூனை மீனைத் தின்கிறது. கடைசியில் வரும் 'ன்' நம்முடைய 'ஐ' மாதிரி. அது இருக்கும்வரை 'ஃபிஷோன் மான்ஜாஸ் லா காட்டோ' என்று புரட்டினாலும் தின்பது பூனையே. 'ன்'னைப் பூனைமேல் ஒட்டினால் மீன் பூனையைத் தின்றுவிடும். ராயபுரத்தில் இதுவரை அப்படி நடக்கவில்லை.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியா? வாக்கியத்தின் முன்னால் 'ச்சூ' போடுங்கள், வேறெதையும் தொட வேண்டாம்: 'ச்சூ லா காட்டோ மான்ஜாஸ் ஃபிஷோன்?' பூனையை விரட்டும் அதே ஒலி! நாம் 'மீனையா?' என்று சந்தேகப்படும் சொல்லிலேயே 'ஆ'வை ஒட்டுவோம். இங்கே 'ச்சூ' நகராது. அந்தச் சொல்லை அதன் அருகே இழுக்கலாம்: 'ச்சூ ஃபிஷோன் லா காட்டோ மான்ஜாஸ்?'

'கியே' என்றால் எங்கே, 'கியோ' என்றால் எது. இவை வந்தால் 'ச்சூ' வேண்டாம். 'எதை' என்று கேட்க 'கியோன்'. முதல் மாதம் முழுவதும் அந்த 'ன்'னை நான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.