இருபது சுற்று ஆடினாலும் பாடம் ஏன் ஏறுவதில்லை: விலைகேட்பு ஆட்டத்தை வகுப்பில் நடத்தும் முறை

0 முதல் 100 வரை எண் எழுதிய 101 துண்டுச்சீட்டுகள், ஒரு துணிப்பை, ஆளுக்கொரு கணக்குத்தாள். ஆய்வாளர்கள் வில்லியம் சாமுவெல்சனும் மேக்ஸ் பேசர்மனும் 1985-இல் வெளியிட்ட ஆட்டத்துக்கு இவ்வளவு போதும்.

ஒருவர் தம் நிறுவனத்தை விற்பவர், இன்னொருவர் அதை வாங்குபவர். சீட்டில் இருக்கும் எண்தான் விற்பவருக்கு அந்த நிறுவனத்தின் மதிப்பு. அவருக்கு மட்டுமே அது தெரியும். வாங்குபவர் கைக்கு வந்தால் மதிப்பு ஒன்றரை மடங்காகும். வாங்குபவர் ஒரே ஒரு விலை கேட்கலாம், அதாவது இவ்வளவு தருவேன் என்று சொல்லலாம்; பேரம் கிடையாது. அந்த விலை சீட்டின் எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் விற்பனை உண்டு.

ஆளுக்கு 500 புள்ளி கைமுதலாகக் கொடுங்கள். கைமுதல் குறைவாக இருந்தால் பாதியிலேயே கை காலியாகும். இழக்க ஒன்றுமில்லாதவர் கண்டபடி விலை கேட்பார், கணக்கு கெட்டுவிடும். 0 கேட்கவும் அனுமதி உண்டு என்று முதலிலேயே சொல்லுங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் பையில் திரும்பப் போட்டுக் குலுக்கி, 20 சுற்று ஆடுங்கள்.

பெரும்பாலோர் 50-க்கும் 75-க்கும் நடுவில் கேட்பார்கள். சராசரி மதிப்பு 50, தமக்கு அது 75 என்ற கணக்கு. ஆனால் 60 கேட்டால் 0 முதல் 60 வரையுள்ள சீட்டுகள் மட்டுமே கைக்கு வரும். அவற்றின் சராசரி 30, ஒன்றரை மடங்கு 45, ஆக 15 நஷ்டம். எந்த விலைக்கு வாங்கினாலும் சராசரியாக அதில் கால் பங்கு போகும். சரியான விலை 0.

அனுபவம் இதைக் கற்றுத்தராததற்குக் காரணம் சீட்டுகளிலேயே இருக்கிறது. 60 கேட்பவருக்கு 40 சீட்டில் விற்பனையே இல்லை, 40-இல் நஷ்டம், 1-இல் சமம், 20-இல் லாபம். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை லாபம் வந்தால், நஷ்டத்தையெல்லாம் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஷெரில் பால், பேசர்மன், ஜான் கேரல் மூவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுதோறும் முடிவைச் சொல்லியும் மிகச் சிலரே கண்டுகொண்டார்கள். விற்காத சீட்டைக் காட்டுவதிலும் ஆபத்து உண்டு: 90-ஐப் பார்த்தவர், அதைப் பிடிக்க விலையை ஏற்றுவார், ஏற்றினால் கீழேயுள்ள சீட்டுகளுக்கும் அதே விலை தரவேண்டும் என்பதை மறந்துவிடுவார்.

பத்தாவது சுற்றில் ஆட்டத்தைச் சற்று இடைநிறுத்துங்கள். எல்லாச் சீட்டுகளையும் மேசையில் கொட்டி, அவரவர் கேட்ட விலைக்கு எவை லாபம், எவை நஷ்டம், எவை கிடைக்காதவை என்று குவியல் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ஐந்து சுற்று விற்பவர் இடத்தில் உட்கார வையுங்கள். மலிவான நிறுவனத்தை விற்கத் தாமே முந்துவதைப் பார்த்ததும் பலருக்குப் பிடிபடும்.

கடைசியாக ஒரு சோதனை. மடங்கை 3 ஆக்குங்கள். இப்போது 100 கேட்பதுதான் சரி. 2 மடங்கில் லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரி. 3 மடங்கிலும் 0 கேட்பவர் விடையை மட்டுமே மனப்பாடம் செய்திருக்கிறார். அவரை மறுபடி குவியல் பிரிக்க அனுப்புங்கள்.